தெரிந்தவர் ஒருவர், கட்டுபவர் வேறொருவர்: கட்டுமானக் குழுக்களில் அறிவுப் பகிர்வு

1981 ஜூலை 17 மாலை. அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் ஹயாட் ரீஜென்சி ஓட்டலின் பெரிய கூடத்தில் நடன நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தபோது, மேலே தொங்கிய இரண்டு நடைபாலங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கூட்டத்தின்மேல் விழுந்தன. 114 பேர் இறந்தார்கள். நான்காம் மாடிப் பாலமும் அதற்கு நேர் கீழிருந்த இரண்டாம் மாடிப் பாலமும் கூரையிலிருந்து இறங்கும் ஒரே நீளக் கம்பிகளில் தொங்க வேண்டும் என்பது முதல் வரைபடம். அவ்வளவு நீளக் கம்பிக்கு மரை வெட்டுவது தொல்லை என்று, இரும்பு வேலையை எடுத்த நிறுவனம் ஒவ்வொரு கம்பியையும் இரண்டாகப் பிரித்தது. மேல் பாலம் கூரையிலிருந்து தொங்கியது. கீழ்ப் பாலம் மேல் பாலத்திலிருந்து தொங்கியது. பார்வைக்குச் சின்ன மாற்றம்தான். ஆனால் மேல் பாலத்து உத்தரத்தைத் தாங்கிய நட்டின்மேல் இரண்டு பாலங்களின் சுமையும் ஏறிவிட்டது.

விசாரணை இன்னொன்றையும் காட்டியது. முதல் வரைபடத்தின் இணைப்பே நகரக் கட்டட விதி கேட்ட வலிமையில் ஏறத்தாழ 60 சதவீதத்தைத்தான் எட்டியிருந்தது. மாற்றிய பிறகு அது 30 சதவீதமாக இறங்கியது. அந்த இணைப்பை யாருமே கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. பொறியாளர் அலுவலகம் அதை இரும்பு நிறுவனத்தின் வேலை என்று எண்ணியிருந்தது. இரும்பு நிறுவனம் அதைப் பொறியாளரின் வேலை என்று எண்ணியிருந்தது. மாற்றிய வரைபடத்தில் ஒப்புதல் முத்திரை மட்டும் விழுந்திருந்தது.

பொறியியல் மாணவர் ஒருவர் அரை மணி நேரத்தில் போட்டுவிடக்கூடிய கணக்கு அது. அதைப் போடத் தெரிந்தவர்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள். அப்படியிருந்தும், தெரிந்தது வேண்டிய நேரத்தில் வேண்டிய மேசைக்கு வரவில்லை. ஏன் வருவதில்லை என்ற கேள்வியைக் கட்டுமானத் துறை அறுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டுவருகிறது. கிடைத்த விடைகளையும், செய்துபார்த்த மாற்றங்களையும், அவற்றில் எவை நம் ஊருக்கு உதவும் என்பதையும் தொகுத்து எடைபோடுவது இக்கட்டுரையின் நோக்கம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: செய்தியைக் கொண்டுசெல்லும் கருவிகளுக்குப் பஞ்சமில்லை. சொல்பவருக்கு அதனால் என்ன நட்டம் வரும் என்பதுதான் அறிவு நகருமா நகராதா என்பதைத் தீர்மானிக்கிறது.

கூடிக் கலையும் குழு

ஒரு தொழிற்சாலையில் அதே ஆட்கள் அதே பொருளை ஆண்டுக்கணக்கில் செய்கிறார்கள். கட்டுமானத்தில் நிலைமை வேறு. ஆர்க்கிடெக்ட், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர், மண் ஆய்வாளர், காண்ட்ராக்டர், அவருக்குக் கீழே கம்பி, சென்ட்ரிங், பிளம்பிங், மின்வேலை என்று தனித்தனி உள்ஒப்பந்தக்காரர்கள். இவர்கள் ஒரு கட்டடத்துக்காகச் சேர்ந்து, அது முடிந்ததும் பிரிந்துபோகிறார்கள். அடுத்த வேலையில் அதே ஆட்கள் சேருவார்கள் என்பதற்கு உறுதியில்லை.

லண்டனின் டாவிஸ்டாக் நிறுவனம் 1960களின் நடுவில் பிரிட்டிஷ் கட்டடத் தொழிலை ஆராய்ந்து 1965, 1966 ஆம் ஆண்டுகளில் இரண்டு அறிக்கைகளை வெளியிட்டது. வேலையளவில் ஒருவர் இல்லாமல் இன்னொருவரால் நகர முடியாது. ஒப்பந்தத்தளவிலோ ஒவ்வொருவரும் தனித்தனி. இந்த முரண்தான் தொழிலின் அடிப்படைச் சிக்கல் என்று அவை சுட்டின. 2002இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் டுபுவா, காடே இருவரும் வேறு வழியாக இதே இடத்துக்கு வந்தார்கள். ஒரு தளத்துக்குள் பிணைப்பு இறுக்கமாக இருக்கிறது. தளங்களுக்கிடையே, நிறுவனங்களுக்கிடையே அது தளர்ந்து கிடக்கிறது. அன்றைய வேலையை முடிக்க இந்த அமைப்பு நன்றாகவே உதவும். கற்றது அடுத்த தளத்துக்குப் போக இதில் வழியில்லை.

நகர வேண்டிய அறிவும் ஒரே வகையானது அல்ல. வரைபடத்திலும் விதிநூலிலும் எழுதப்பட்ட அறிவு ஒன்று. அதை அனுப்புவது எளிது. கையிலும் கண்ணிலும் இருக்கும் அறிவு இரண்டாவது. கலவையைக் கரண்டியில் எடுத்த உடனே தண்ணீர் கூடிவிட்டது என்று கொத்தனார் சொல்லிவிடுவார். எப்படித் தெரிந்தது என்று கேட்டால் அவரால் விளக்க முடியாது. மைக்கேல் போலானி 1966இல் இத்தகைய அறிவைப் பற்றி எழுதினார். நோனாகாவும் டகெயுச்சியும் 1995இல் அதை நிறுவன ஆய்வுக்குள் கொண்டுவந்தார்கள். மூன்றாவது வகையைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு: இந்தத் தளத்தில் நேற்று என்ன நடந்தது, எந்தத் தூணில் கம்பி மாற்றிக் கட்டப்பட்டது, எந்தக் குழியில் எதிர்பாராமல் ஊற்றுநீர் வந்தது என்ற நிலவர அறிவு. நூலில் இருக்காது, பழக்கத்திலும் வராது. பார்த்தவர் சொன்னால்தான் உண்டு. விபத்து விசாரணைகளைப் படித்தால் பெரும்பாலும் நகராமல் நின்றது இந்த மூன்றாவது வகைதான் என்பது தெரியும்.

ஒப்பந்தம் வாயை அடைக்கும் விதம்

வரைபடம் போடுபவரையும் கட்டுபவரையும் பிரித்துவைப்பது கேடு என்று பிரிட்டனில் 1944இலேயே சைமன் குழு எழுதியது. 1964இல் பேன்வெல் குழு அதையே சொன்னது. 1994இல் மைக்கேல் லேதம் ‘கன்ஸ்ட்ரக்டிங் தி டீம்’ அறிக்கையிலும், 1998இல் ஜான் ஈகன் ‘ரீதிங்கிங் கன்ஸ்ட்ரக்ஷன்’ அறிக்கையிலும் மறுபடி சொன்னார்கள். அரை நூற்றாண்டாக ஒரே அறிவுரையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது என்றால், கேட்காமல் இருப்பதில் யாருக்கோ லாபம் இருந்தது என்றுதான் பொருள்.

அந்த லாபத்தின் கணக்கு எளியது. வரைபடம் முழுவதும் முடிந்த பிறகு டெண்டர் விடுகிறார்கள். குறைந்த விலை போட்டவருக்கு வேலை. வரைபடத்தில் ஒரு பிழை இருப்பதை டெண்டர் நேரத்திலேயே கண்டுபிடித்த காண்ட்ராக்டர் அதைச் சொன்னால், திருத்திய வரைபடம் போட்டியாளர்கள் எல்லோருக்கும் போகும். சொல்லாமல் வேலையை எடுத்து, பாதியில் அந்தப் பிழை வெளிப்படும்போது கூடுதல் வேலை என்று தனி பில் போட்டால் அவருக்குப் பணம். ஆர்க்கிடெக்ட் பக்கமும் இதே நிலைதான்: தன் வரைபடத்தில் சந்தேகம் இருப்பதாக எழுதிவைத்தால், நாளை வழக்கில் அந்தக் கடிதம் அவருக்கு எதிரான சான்று. தளத்தில் ஒருவருக்கொருவர் எழுதும் ஒவ்வொரு கடிதமும் ஒரு கண்ணை நீதிமன்றத்தின்மேல் வைத்துக்கொண்டே எழுதப்படுகிறது. இந்த அமைப்புக்குள் தெரிந்ததை மறைப்பவர் தீயவராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. தொழில் தெரிந்தவராக இருந்தால் போதும்.

வந்து சேர்ந்தும் எடுபடாத செய்தி

செய்தி போய்ச் சேர்ந்தால் மட்டும் போதுமா? இரண்டு விபத்துகள் போதாது என்கின்றன.

2004 ஏப்ரல் 20 அன்று சிங்கப்பூரில் சர்க்கிள் லைன் மெட்ரோவுக்காக நிக்கல் நெடுஞ்சாலை ஓரம் தோண்டிய ஏறத்தாழ 30 மீட்டர் ஆழப் பள்ளம் சரிந்தது. 4 பேர் இறந்தார்கள். பள்ளத்தின் இரு சுவர்களையும் தாங்கிப் பிடித்த எஃகு உத்தரங்களின் இணைப்பு வலுவற்றதாக இருந்தது. மென்மையான கடற்களிமண்ணின் வலிமையைக் கூடுதலாகக் காட்டும் ஒரு கணக்குமுறை வடிவமைப்பில் கையாளப்பட்டிருந்தது. சுவர் எதிர்பார்த்ததைவிட அதிகமாக வளைகிறது என்பதை அளவைக் கருவிகள் முன்பே காட்டின. அந்த அளவுகள் கூட்டங்களுக்கும் வந்தன. அளவுகளுக்குப் பொருந்தும்படி கணக்கு மறுபடி போடப்பட்டது, எச்சரிக்கை அளவு உயர்த்தப்பட்டது, தோண்டுவது தொடர்ந்தது. 2005இல் வந்த விசாரணைக் குழு அறிக்கைக்குப் பிறகு, தற்காலிகக் கட்டமைப்புகளையும் ஆழமான பள்ளங்களையும் கண்காணிக்கும் விதிகளைச் சிங்கப்பூர் இறுக்கியது.

பாஸ்டனின் ‘பிக் டிக்’ சுரங்கச்சாலையில் 2006 ஜூலை 10 அன்று மேற்கூரையின் கான்கிரீட் பலகைகள் ஒரு கார்மேல் விழுந்து ஒரு பெண் இறந்தார். பலகைகளைத் தாங்கிய ஆணிகள் எபாக்சிப் பசையால் ஒட்டப்பட்டவை. விரைவில் இறுகும் வகைப் பசை, நெடுநாள் சுமையில் மெல்ல மெல்ல இளகும் இயல்புடையது. 1999இலேயே சில ஆணிகள் கீழிறங்கியிருந்ததைத் தளத்தில் இருந்தவர்கள் கண்டார்கள். மாற்றினார்கள், இழுத்துச் சோதித்தார்கள், வேலையைத் தொடர்ந்தார்கள். ஏன் இறங்கின என்ற கேள்வி விடையில்லாமலே விடப்பட்டது.

இரண்டு இடங்களிலும் தகவல் கையில் இருந்தது. அதை ஆபத்து என்று படித்து, வேலையை நிறுத்து என்று சொல்லும் அதிகாரமும் துணிவும் அந்த மேசையில் இல்லை. நிறுத்தும் ஒவ்வொரு நாளுக்கும் யாரோ பணம் கட்ட வேண்டும் எனும்போது, நிறுத்தாமல் இருக்க ஒரு விளக்கம் எப்போதும் கிடைத்துவிடும்.

நட்டத்தை இடம் மாற்றியவர்கள்

மாற்றுமுறைகளில் அதிகம் பேசப்படுவது லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தின் ஐந்தாம் முனையம். 1994 அக்டோபரில் ஹீத்ரோ எக்ஸ்பிரஸ் ரயிலுக்கான சுரங்கம் வேலை நடக்கும்போதே இடிந்தது. குற்றம் யாருடையது என்று தேடுவதை விட்டு, எல்லோரும் ஒரே அணியாக நின்று அந்தச் சுரங்கத்தை மீட்ட அனுபவத்தை விமான நிலைய நிறுவனமான பி.ஏ.ஏ. மறக்கவில்லை. ஐந்தாம் முனையத்துக்கு அது தனி ஒப்பந்தம் ஒன்றை எழுதியது. வேலையின் அபாயம் முழுவதும் உரிமையாளரான தன்மேல். மொத்தத் திட்டத்துக்கும் ஒரே காப்பீடு. ஒப்பந்தக்காரர்களுக்குச் செலவும் நிச்சய லாபமும் உண்டு. பிழையைச் சொன்னால் தண்டம் கட்ட வேண்டியதில்லை எனும்போது பிழைகள் சீக்கிரம் வெளிவந்தன. சுமார் 430 கோடி பவுண்டு வேலை குறித்த நாளில், குறித்த செலவுக்குள் முடிந்தது.

ஆனால் 2008 மார்ச் 27, திறந்த நாளன்றே, பெட்டிகளைக் கையாளும் அமைப்பு திணறியது. அடுத்த சில நாட்களில் நூற்றுக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. கட்டியவர்களுக்குள் ஓடிய அறிவு, முனையத்தை நடத்த வேண்டிய பணியாளர்களுக்குப் போதிய அளவு போய்ச் சேரவில்லை. பயிற்சியும் ஒத்திகையும் குறைந்துபோயிருந்தன. ஒப்பந்தம் எங்கே முடிந்ததோ அங்கேயே பகிர்வும் நின்றது. இந்தத் திட்டத்தின் வெற்றியும் தோல்வியும் ஒரே விதியையே உறுதிசெய்கின்றன.

ஆஸ்திரேலியாவில் ‘அலையன்ஸ்’ ஒப்பந்தம் இன்னும் ஒருபடி மேலே போனது. 2001 மார்ச்சில் திறக்கப்பட்ட கான்பெரா தேசிய அருங்காட்சியகம் இந்த முறையில் கட்டப்பட்ட கட்டடங்களுள் முன்னோடி. ஒருவர்மீது ஒருவர் வழக்குப் போடுவதில்லை என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள்; லாபமும் நட்டமும் பொது. அமெரிக்காவில் சட்டர் ஹெல்த் மருத்துவமனைக் குழுமம் இதே எண்ணத்தில், வடிவமைப்பாளரும் காண்ட்ராக்டரும் உரிமையாளரும் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, ஒரே பெரிய அறையில் உட்கார்ந்து வேலை செய்யும் முறையைக் கையாண்டது.

ஒப்பந்தத்தைத் தொடாமல் தளத்தின் நடைமுறையை மட்டும் மாற்றியவர்களும் உண்டு. புதிய உற்பத்தி முறைகளைக் கட்டுமானத்தில் கையாளுவது பற்றி லாரி கோஸ்கெலா 1992இல் தொடங்கிவைத்த விவாதத்தின் தொடர்ச்சியாக கிளென் பாலார்டும் கிரெக் ஹவலும் ‘லாஸ்ட் பிளானர்’ என்ற முறையை வகுத்தார்கள். வாரத் திட்டத்தை அலுவலகத்தில் இருப்பவர் போடுவதில்லை. ஒவ்வொரு வேலையையும் நேரில் நடத்தும் போர்மேன்கள் கூடிப் போடுகிறார்கள். முந்தைய வேலை முடியவில்லை, பொருள் வரவில்லை என்றால் “இந்த வாரம் முடியாது” என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. வாரக் கடைசியில் சொன்னதில் எவ்வளவு முடிந்தது, முடியாததற்கு என்ன காரணம் என்று பார்க்கிறார்கள். வழக்கமான தளங்களில் வாரத் திட்டத்தில் பாதியளவு வேலைதான் சொன்னபடி முடிகிறது என்று பாலார்டின் அளவீடுகள் காட்டின. அந்த மீதிப் பாதிக்கான காரணங்கள் அதுவரை யார் காதிலும் விழாமல் இருந்தவை.

திரையும் கோப்பும்

கடந்த இருபது ஆண்டுகளாகத் துறையின் நம்பிக்கை பெரிதும் கணினியின்மேல். பிம் என்னும் முப்பரிமாணத் தகவல் மாதிரியில் எல்லோருடைய வரைபடமும் ஒன்றாகச் சேரும். குளிரூட்டிக் குழாய் பீமைக் குறுக்கே வெட்டினால் கான்கிரீட் போடும் முன்பே திரையில் தெரியும். பிரிட்டன் 2016 முதல் மத்திய அரசின் திட்டங்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது, 2018இல் ஐ.எஸ்.ஓ. 19650 என்ற பன்னாட்டுத் தரம் வந்தது. பயன் உண்மையானது. ஆனால் மாதிரியில் ஏற்றப்பட்டதுதான் திரையில் வரும். ஏற்றினால் தனக்குப் பொறுப்பு கூடும் என்று நினைப்பவர் ஏற்ற மாட்டார். இன்னொருவர் மாதிரியை நம்பிக் கட்டி அது பிழையானால் யார் பொறுப்பு என்பதும் ஒப்பந்தத்துக்கே திரும்பிவரும் கேள்வி.

2017 ஜூன் 14 அன்று லண்டனில் கிரென்ஃபெல் என்ற குடியிருப்புக் கோபுரம் எரிந்து 72 பேர் இறந்த பிறகு, சுவரில் பதித்த தகடு பற்றி யாருக்கு என்ன தெரிந்திருந்தது என்பதே விசாரணையின் பெரும்பகுதி ஆயிற்று. கட்டட விதிகளை ஆராய்ந்து ஜூடித் ஹாக்கிட் 2018இல் தந்த அறிக்கையின் வழியில், 2022ஆம் ஆண்டுக் கட்டடப் பாதுகாப்புச் சட்டம் உயர்ந்த குடியிருப்புகளின் தகவல்களை வடிவமைப்பு முதல் குடியிருப்புக் காலம் முழுவதும் அறுபடாமல் பேண வேண்டும் என்று கட்டாயமாக்கியது. யாருக்குப் பொறுப்பு என்று சட்டமே பெயர் சொல்கிறது.

ஒரு திட்டத்தில் கற்றதை அடுத்ததற்குக் கொண்டுசெல்வது இன்னும் கடினம். திட்டம் முடிந்ததும் ‘கற்ற பாடங்கள்’ என்று ஒரு கோப்பு எழுதுவது பல நிறுவனங்களில் வழக்கம். அதைத் திறந்து படிப்பவர் அரிது. பிரெஸ்னன், நியூவெல் முதலியோர் 2000களில் செய்த ஆய்வுகள், கட்டுமானத்தில் அறிவு கோப்பைவிட ஆட்களின் பழக்கத்தின் வழியாகவே நகர்கிறது என்று காட்டின. லண்டன் 2012 ஒலிம்பிக் திட்டமும் கிராஸ்ரெயில் ரயில்பாதைத் திட்டமும் தம் அனுபவங்களைப் பொதுவில் வெளியிட்டது பாராட்டத்தக்க விதிவிலக்கு. ஆயினும் அதே கிராஸ்ரெயில், 2018 டிசம்பரில் திறக்க வேண்டிய பாதை தாமதமாகும் என்பதை அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் அறிவித்தது. திறந்தது 2022 மே 24. ஒன்றையொன்று சார்ந்த 36 முக்கிய ஒப்பந்தங்களை ஒன்றாகக் கோக்கும் நம்பகமான திட்டம் இல்லாமல் போனதைத் தேசியத் தணிக்கை அலுவலகம் 2019இல் சுட்டிக்காட்டியது. வெளியாருக்குப் பாடம் எழுதுவதைவிட, உள்ளே கெட்ட செய்தியை மேலே சொல்வது கடினமாக இருந்திருக்கிறது.

இதற்கு மாற்றாக ஒரு சிறு ஏற்பாடு நின்று நிலைத்திருக்கிறது. பிரிட்டனில் 2005இல் தொடங்கிய ‘கிராஸ்’ அமைப்புக்குப் பொறியாளர் யாரும் தாம் கண்ட கட்டமைப்புக் குறையை மறைவாக எழுதி அனுப்பலாம். அனுப்பியவர் பெயரும் கட்டடத்தின் அடையாளமும் நீக்கப்பட்டு, நிபுணர் குறிப்போடு அது வெளியாகிறது. விமானத் துறையிலிருந்து வந்த பழக்கம் இது. சொன்னவருக்கு நட்டமில்லை என்பதுதான் அதன் முதுகெலும்பு.

நம் தளங்களில்

தமிழ்நாட்டுத் தளங்களில் இதே கேள்வி இன்னும் கூர்மையானது. முதன்மைக் காண்ட்ராக்டருக்குக் கீழே உள்ஒப்பந்தம், அதற்குக் கீழே மேஸ்திரி, அவருக்குக் கீழே கொத்தனாரும் சித்தாளும் என்று அடுக்கு நீள்கிறது. பெரிய தளங்களில் கம்பி கட்டுபவரும் சென்ட்ரிங் போடுபவரும் பெரும்பாலும் ஒடிசா, பீகார், மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். வரைபடம் ஆங்கிலத்தில், சைட் இன்ஜினியர் பேசுவது தமிழும் கொஞ்சம் இந்தியும். பீமும் தூணும் சேருமிடத்தில் கம்பி நெருக்கமாகி ஜல்லி இறங்காது என்பதை முதலில் காண்பவர் கம்பி கட்டுபவர். அவர் சொன்னால் அன்றைய வேலை நிற்கும். நின்றால் அவருக்குக் கூலி இல்லை. பீஸ் ரேட்டில் வேலை செய்பவரிடம் பேச்சை எதிர்பார்ப்பது அவர் சொந்தக் காசைக் கேட்பதற்குச் சமம்.

2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் கட்டுமானத்தில் இருந்த 11 மாடிக் கட்டடம் மழைநாளில் சரிந்து 61 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் அங்கே வேலை செய்த தொழிலாளர்கள். அரசு அமைத்த விசாரணை ஆணையம் கட்டமைப்பு வடிவமைப்பின் குறைகளைச் சுட்டியது. அருகிலிருந்த இரட்டைக் கட்டடம் 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. மண், அடித்தளம், தூண், அனுமதி என்று ஒவ்வொன்றையும் பார்க்க ஒருவர் இருக்கும் அமைப்பில், எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க யாருக்குப் பொறுப்பு என்ற கேள்வியை அந்த விபத்து இங்கே எழுப்பியது.

சிறிய வீடுகளில் பெரும்பாலும் உயிர் போவதில்லை; காசு போகிறது. ஸ்லாப் போட்ட பிறகு பிளம்பர் வந்து கழிவுக் குழாய்க்குத் துளை உடைப்பதும், பூச்சு முடிந்த சுவரை எலக்ட்ரீசியன் கீறுவதும், அடுத்த மழைக்குக் குளியலறைக் கசிவு கீழ்வீட்டுக் கூரையில் தெரிவதும் எல்லோரும் அறிந்தவை. கான்கிரீட் போடும் முன்தினம் சம்பந்தப்பட்ட எல்லோரும் ஒரு மணி நேரம் மேலே ஏறி நின்று பேசியிருந்தால் தீர்ந்திருக்கும். பிளம்பருக்கு அந்த ஒரு மணி நேரத்துக்கு யாரும் காசு தருவதில்லை. அதனால் அவர் வருவதில்லை.

டெண்டர் பக்கம் ஒரு வாசல் திறந்திருக்கிறது. 2021 அக்டோபரில் மத்திய நிதி அமைச்சகம் வெளியிட்ட கொள்முதல் நெறிமுறைகள், குறைந்த விலை ஒன்றையே அளவாகக் கொள்ளாமல் தரத்துக்கும் மதிப்பெண் தர வரையறைக்கு உட்பட்டு இடமளித்தன. அந்த மதிப்பெண்ணில் ஒரு பங்கை, வரைபடப் பிழையை முன்கூட்டிச் சொல்வதற்கு வைக்கலாம்.

சான்றுகளை எடைபோட்டால்

இந்தத் துறையின் ஆய்வுகளைப் படிக்கும்போது இரண்டு எச்சரிக்கைகள் தேவை. வெற்றிக்கதைகளில் பல, திட்டத்தை நடத்தியவர்களே சொன்னவை. பெரிய பணமும் பொறுமையும் உள்ள உரிமையாளர்களின் கதைகள். ஆய்வுகள் நேர்காணலை நம்பியவை. நேர்காணலில் பேசியவர்களும் மேலாளர்கள். மேஸ்திரியின் குரல் அவற்றில் குறைவு. ஆகவே ஹீத்ரோவில் நடந்தது செங்கல்பட்டிலும் நடக்கும் என்று முடிவுகட்ட முடியாது.

அதையும் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது தெளிவானது. கணினி மட்டும் வந்த இடத்தில் தகவல் பெருகியது, பேச்சு பெருகியதற்குச் சான்று குறைவு. சொல்பவரின் நட்டத்தை உரிமையாளரோ சட்டமோ பொதுக் காப்பீடோ ஏற்ற இடங்களில் பிழைகள் சீக்கிரம் வெளிவந்தன; அந்த ஏற்பாட்டின் எல்லை முடிந்த இடத்தில் மறுபடி மறைந்தன. நம் தளங்களுக்கு இதிலிருந்து செலவு குறைந்த மூன்று வேலைகள் கிடைக்கின்றன. ஒவ்வொரு கான்கிரீட்டுக்கும் முன்தினக் கூட்டத்தை மதிப்பீட்டிலேயே ஒரு இனமாகச் சேர்த்து, வருபவருக்கு அரைநாள் கூலி தருவது. குறையைச் சுட்டி வேலை நின்றால் சுட்டியவரின் கூலி நிற்காது என்று உள்ஒப்பந்தத்தில் எழுதுவது. பொறியாளர் சங்கங்களோ பொதுப்பணித் துறையோ பெயர் வெளியிடாத புகார்களைத் தொகுத்துப் பதிப்பது. இவற்றை மறுப்பவர்கள் செலவைக் காரணம் காட்டுவார்கள். உடைத்துக் கட்டும் செலவை இன்று யார் தருகிறார்கள் என்று அவர்களிடம் கேட்க வேண்டும்: வீட்டில் அது உரிமையாளர், அரசு வேலையில் வரி கட்டுபவர். பணம் ஏற்கெனவே போய்க்கொண்டுதான் இருக்கிறது; அதைப் பிழை நடந்த பிறகு தருவதா, பிழையைச் சொல்பவருக்கு முன்கூட்டித் தருவதா என்பது மட்டுமே நம் கையில் இருக்கும் தேர்வு.